சாலைப் பராமரிப்பைக் குத்தகையிலிருந்து மன்றத்தின் கைக்குத் திருப்புவது: வடிகாலிலிருந்து தொடங்கலாமா?

தண்ணீர்மலை வாசி எழுதியது:

மலேசியாவின் கூட்டரசுச் சாலைகளின் பராமரிப்பு 2001ஆம் ஆண்டு, ச. சாமிவேலு பொதுப்பணி அமைச்சராக இருந்தபோது, தீபகற்பத்தில் மூன்று நிறுவனங்களிடம் 15 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப்பட்டது. 2016இல் அந்த ஏற்பாடு மேலும் 10 ஆண்டுகளுக்கு நீண்டது. இந்தப் பின்னணியில், "வேலையை அரசே திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன?" என்ற கேள்வி பல இடங்களில் கேட்கிறது. அதை ஊராட்சி மன்றங்களின் மட்டத்தில் வைத்துப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். பினாங்குத் தீவைச் சுற்றிவரும் கூட்டரசுச் சாலை 6, துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை போன்றவை மன்றத்தின் பொறுப்பில் இல்லை. நம் வீட்டு வாசலில் ஓடும் சாலைகளும் சந்துகளும் அவற்றின் ஓரத்துக் கால்வாய்களுமே மன்றத்தின் பொறுப்பு. நான் பேச விரும்புவது இவற்றைப் பற்றித்தான்.

என் வாதம் இது. நம் நாட்டில் சாலையைக் கெடுப்பது வண்டியின் எடை மட்டுமன்று. வெளியேற வழியில்லாமல் தேங்கும் தண்ணீரே முதல் காரணம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. தாரில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் போதும். தண்ணீர் உள்ளே இறங்கி, கீழேயுள்ள கல் படுகையை ஊறவைக்கிறது. அதன்மேல் சக்கரம் ஏறும்போதெல்லாம் நீரும் நுண்மண்ணும் விரிசல் வழியே வெளியே பீய்ச்சப்படுகின்றன. கீழே வெற்றிடம் உண்டான பிறகு மேலேயுள்ள தார் உடைந்து விழுவதற்குக் கனரக லாரி தேவையில்லை, மோட்டார் சைக்கிளே போதும். ஆகவே பள்ளத்தை அடைப்பதைவிடக் கால்வாயைத் திறந்து வைப்பதும், புல்லும் மண்ணும் சேர்ந்து மேடாகிவிட்ட சாலையோரத்தை வெட்டித் தண்ணீருக்கு வழிவிடுவதும் முக்கியமான வேலைகள்.

ஆனால் குத்தகை முறையில் இந்த வேலைகள் மூன்று துண்டாகக் கிடக்கின்றன. புல் வெட்டுபவர் ஒருவர். அவர் வெட்டிய புல் கால்வாயில் விழுந்தால் அவருக்கு நட்டமில்லை. கால்வாய் வாருபவர் இன்னொருவர். அவருக்கு மீட்டர் கணக்கில் கூலி. பள்ளம் அடைப்பவர் மூன்றாமவர். பள்ளம் கூடக்கூட அவருக்குத்தான் வேலை. இந்த மூவரில் எவரையும் நான் குறை சொல்லவில்லை, ஒவ்வொருவரும் தத்தம் குத்தகையில் எழுதியதைச் செய்கிறார்கள். ஆனால் பள்ளம் விழாமல் தடுத்ததற்காகப் பணம் பெறுபவர் இந்த ஏற்பாட்டில் யாருமே இல்லை. அந்த ஒருவரை மன்றம் தன் சம்பளப் பட்டியலில் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பழைய ஓவர்சியர் எழுதியது:

தம்பி சொல்வது சரி. நான் தீவுவாசியல்லன், செபராங் பிறைக்காரன். என் தகப்பனார் பொதுப்பணி இலாகாவில் சாலைக் கூலியாக இருந்தார், நான் பின்னர் அதே இலாகாவில் தொழில்நுட்பராகச் சேர்ந்து ஓய்வு பெற்றேன். அக்காலத்து ஏற்பாட்டை இளையவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

மண்டோர் என்னும் குழுத்தலைவருக்குக் கீழே சில ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்கென்று சில மைல் சாலை ஒதுக்கப்பட்டிருக்கும். புல் வெட்டுவதும் அவர்கள்தான், கால்வாய் வாருவதும் அவர்கள்தான், சின்னப் பள்ளத்தில் கல்லும் தாரும் போட்டு இடிப்பதும் அவர்கள்தான். மழைக்காலம் தொடங்கும் முன்பே ஓரத்து மண்ணில் குறுக்கே சிறு வாய்க்கால் வெட்டி விடுவார்கள். எந்த வளைவில் தண்ணீர் நிற்கும், எந்த மதகு குப்பையால் அடைபடும், எந்த மேட்டின் அடியில் ஊற்று இருக்கிறது என்பதெல்லாம் மண்டோருக்கு மனப்பாடம். அதைக் கேட்டு எழுதிக்கொள்வதற்கே எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் என்று மூத்த பொறியாளர் ஒருவர் கேலியாகச் சொல்வார். அதில் பாதி உண்மை.

இதைச் சொன்னதும் அந்தக் காலமே பொற்காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லாரி பழுதானால் உதிரிப்பாகத்துக்கு விண்ணப்பம் எழுதி, மூன்று இடத்தில் விலை கேட்டு, ஒப்புதல் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதுவரை ஆட்கள் கருவியில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்கு வராமலே வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்த கதைகளும் உண்டு. தனியார்மயக் கொள்கை 1983இல் அறிவிக்கப்பட்டபோது மக்களிடம் அதற்கு ஓரளவு வரவேற்பு இருந்ததென்றால், அதற்கு நாங்களும் ஒரு காரணம்.

ஆனால் வேலையை வெளியே கொடுத்தபோது ஆட்கள் மட்டும் போகவில்லை. ஆட்கள் ஓய்வு பெற்ற இடங்கள் நிரப்பப்படவில்லை. மண்டோர் பதவி மறைந்தது. தொழில்நுட்பர்கள் சாலையை விட்டு மேசைக்கு வந்து, குத்தகையாளர் அனுப்பும் படங்களைப் பார்த்துக் கையெழுத்திடத் தொடங்கினார்கள். பள்ளம் அடைத்த படத்தில் மேற்பரப்பு தெரியும். அடியில் ஈரம் இருந்ததா, ஓரத்தைச் சதுரமாக வெட்டினார்களா, ஒட்டுத்தார் பூசினார்களா என்பது தெரியாது.

கணக்குப்பிள்ளை (கோலாலம்பூர்) எழுதியது:

ஐயா இருவரும் எழுதியதைப் படித்தேன். உணர்ச்சி புரிகிறது, கணக்குதான் வரவில்லை.

முதலாவது, பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மாநிலச் சாலைகளுக்கும் ஊராட்சி மன்றச் சாலைகளுக்கும் கூட்டரசு கொடுக்கும் சாலை மானியம் அரசமைப்பின் 109ஆம் பிரிவிலும் பத்தாம் அட்டவணையிலும் சொல்லப்பட்ட ஒன்று. மாரிஸ் என்னும் சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளின் நீளத்தை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. நீங்கள் சொந்த ஆளை வைத்தாலும் குத்தகை விட்டாலும் அந்தத் தொகை கூடப்போவதில்லை. ஆனால் சொந்த ஆளை வைத்தால் சம்பளம், மருத்துவம், விடுப்பு, சேமநிதி எல்லாம் பணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, இயந்திரம். தாரின் மேற்பரப்பைச் சுரண்டும் இயந்திரமும் தார் விரிக்கும் இயந்திரமும் நாள்தோறும் ஓடினால்தான் கட்டுப்படியாகும். ஒரு தீவின் மன்றச் சாலைகளுக்கு மட்டும் அவற்றை வாங்கி நிறுத்தினால், ஆண்டில் பாதி நாள் அவை கொட்டகையில் நிற்கும். பல மாநிலங்களில் வேலை எடுக்கும் நிறுவனத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாவது, "திரும்ப எடுப்பது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் எப்படி முடிந்திருக்கிறது? கழிவுநீர்ச் சேவையை 1990களில் தனியாருக்குக் கொடுத்து, 2000இல் நிதியமைச்சு அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. அதுதான் இன்றும் இருக்கும் இண்டா வாட்டர். இரண்டு எல்.ஆர்.டி. (இலகு ரயில்) தடங்களின் கடன் 2002இல் அரசு நிறுவனமான பிரசரானாவின் தலையில் ஏறியது. சிலாங்கூர் 2011 அக்டோபரில் குப்பை அள்ளும் வேலையைப் பெருநிறுவனத்திடமிருந்து பிரித்து ஊராட்சி மன்றங்களிடம் கொடுத்தது. மன்றங்கள் அதைச் சிறு குத்தகையாளர்களிடம் பிரித்துக் கொடுத்தன. பிறகு 2016 முதல் மாநில அரசின் துணை நிறுவனம் ஒன்று அதைக் கையில் எடுத்தது. இவற்றில் எதிலும் பழைய மண்டோர் திரும்பி வரவில்லை. பெயர்ப்பலகைதான் மாறியது.

அயல்நாட்டுச் சான்றும் ஒருபக்கமாக இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 1988 முதல் நெடுஞ்சாலைப் பராமரிப்பை வட்டாரம் வட்டாரமாகக் குத்தகைக்கு விட்டு வருகிறது. இன்றுவரை அதை மாற்றவில்லை. மாகாண அமைச்சில் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள், தரக்கட்டளை எழுத்தில் இருக்கிறது. ஆகவே குத்தகையே குற்றவாளி என்று சொல்ல முடியாது.

செந்தூல் வாசி எழுதியது:

கணக்குப்பிள்ளை கனடாவைக் காட்டினார். அதே நாட்டின் ஒண்டாரியோவையும் காட்டியிருக்கலாம். அங்கே 2009 முதல் குளிர்கால நெடுஞ்சாலைப் பராமரிப்பைப் புதிய வகைக் குத்தகையில் கொடுத்தார்கள். எத்தனை வண்டி வைப்பது, எப்படிச் செய்வது என்பதைக் குத்தகையாளரே முடிவு செய்யலாம், விளைவை மட்டும் பார்ப்போம் என்றார்கள். குறைந்த விலை சொன்னவர்கள் வென்றார்கள். வென்றவர்கள் குறைந்த வண்டிகளையே வைத்தார்கள். மாகாணத்தின் தலைமைக் கணக்காய்வாளர் 2015இல் வெளியிட்ட அறிக்கை, சாலையிலிருந்து பனியை முழுதாக அகற்ற எடுக்கும் நேரம் அந்தச் சில ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதைச் சுட்டியது. மைத்துனர் குடும்பம் ஸ்கார்பரோவில் இருப்பதால் எனக்கு இந்தச் செய்தி அப்போதே வந்து சேர்ந்தது. பனி நமக்கு இல்லை, வாஸ்தவம். ஆனால் விளைவை மட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, விளைவைப் பார்ப்பதற்கும் ஆள் வைக்காமல் விடும் பழக்கம் நமக்கும் இருக்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் சாலைத் துறையோ எதிர்த்திசையில் போகிறது. நீண்டகாலக் குத்தகைகள் முடிய முடிய, வட்டாரம் வட்டாரமாகப் பராமரிப்பைத் தன் ஆட்களிடம் கொண்டுவந்தது. ஒரே நாளில் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோலாலம்பூருக்கே வருவோம். 2024 ஆகஸ்டில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி ஒரு பெண்மணி மறைந்துபோனார். பல நாள் தேடியும் கிடைக்கவில்லை. மேலே நடைபாதை ஒருவர் பொறுப்பு, கீழே கழிவுநீர்க் குழாய் இன்னொருவர் பொறுப்பு, நடுவிலுள்ள மண் யார் பொறுப்பு என்று அன்றைக்கு ஊரே கேட்டது. பராமரிப்பைத் திரும்ப எடுப்பது பற்றிப் பேசும்போது நான் நினைப்பது அந்த நடுமண்ணைத்தான்.

மூன்றாம் கை எழுதியது:

நான் இந்த வேலையைச் செய்கிறவன். என் பெயரைப் பார்த்தாலே புரியும். டெண்டரை எடுப்பவர் ஒருவர். அவர் தமக்கு ஒரு பங்கு வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் கொடுப்பார். அவரும் ஒரு பங்கு வைத்துக்கொண்டு என்னிடம் கொடுப்பார். பட்டியலில் எழுதிய விலைக்கும் என் கைக்கு வரும் விலைக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் உங்கள் சாலையின் தரம் தொலைகிறது. தாரின் கனம் ஐம்பது மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும். என் கைக்கு வரும் பணத்துக்கு அவ்வளவு பிரீமிக்ஸ் (தாரும் கல்லும் கலந்த கலவை) போட்டால் நான் வீட்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டும். நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இது ஒரு நிறுவனத்தின் குற்றமன்று.

பெரியவர் சதுரமாக வெட்டுவது பற்றி எழுதினார். சரியான முறை எங்களுக்கும் தெரியும். பள்ளத்தின் உடைந்த விளிம்பைத் தாண்டி நல்ல தார் கிடைக்கும் வரை நேராக வெட்ட வேண்டும். உள்ளேயுள்ள ஈர மண்ணை அள்ளிவிட்டுக் காய்ந்த கல் போட வேண்டும். பக்கச் சுவரில் ஒட்டுத்தார் பூச வேண்டும். பிரீமிக்ஸ் சூடாக இருக்கும்போதே இரண்டு அடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும். இதற்கு ஆள், வெட்டும் இயந்திரம், இடிக்கும் இயந்திரம், போக்குவரத்தை மறிக்க இருவர், எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். எனக்கோ "24 மணி நேரத்துக்குள் அடை, படம் எடுத்து அனுப்பு" என்று செய்தி வரும். மழை பெய்துகொண்டிருக்கும். மூட்டையில் வரும், சூடாக்காமல் போடும் குளிர்கலவையைத் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் கொட்டி, லாரிச் சக்கரத்தால் இரண்டு முறை ஏறி மிதித்து, படம் எடுத்து அனுப்பிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவேன். அடுத்த மாதமும் அதே இடத்துக்கு வருவேன். அதற்கும் கூலி உண்டு.

ஆனால் மன்றத்து ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் மரம் விழுந்தால் நான் வருகிறேன். மாலை ஐந்து மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வீட்டுக்குப் போகிறவர் வருவாரா? மிகுநேர ஊதியத்துக்கு ஒதுக்கீடு இல்லை என்று ஒரு கடிதம் வந்தால் அன்று இரவு சாலை அப்படியே கிடக்கும்.

மட்டுறுத்துநர்:

கட்சிகளின் பெயரைச் சொல்லி வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. யார் ஆண்டபோது எந்தச் சாலை எப்படி இருந்தது என்பதற்கு வேறு இழை இருக்கிறது.

பிறை மங்கை எழுதியது:

எல்லாரும் சாலையைப் பற்றிப் பேசுகிறீர்கள்; சாலையில் நிற்பவரைப் பற்றியும் பேச வேண்டும். அரசு மருத்துவமனைகளின் துணைச் சேவைகள் 1997 ஜனவரியில் தனியாருக்குப் போயின. பள்ளிகளின் துப்புரவும் காவலும் குத்தகைக்குப் போயின. அந்த வேலைகளில் நம் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இங்குள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். யாருக்காவது அத்தையோ பெரியம்மாவோ அதில் இருப்பார். குத்தகைக் காலம் முடிந்து நிறுவனம் மாறும்போது, அதே பள்ளியில், அதே துடைப்பத்தோடு, அதே ஆள் "புதிய ஊழியர்" ஆகிவிடுகிறார். பத்தாண்டு, பதினைந்தாண்டு உழைத்தவருக்கும் ஆண்டு விடுப்பு முதலாண்டுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது. சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்தை விட்டு நகர்வதில்லை. அந்தக் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. உயர்ந்ததே அரசாணையால்தான், அனுபவத்தால் அன்று.

சாலை வேலையிலும் இதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. ஓவர்சியர் ஐயா சொன்ன மண்டோரின் மனப்பாடம் ஒரே சாலையில் பல ஆண்டு நின்றதால் வந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றும் ஏற்பாட்டில் அது வராது. ஆகவே மன்றம் வேலையைத் திரும்ப எடுத்து, அதே ஆட்களை ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கும் தற்காலிக நியமனத்தில் வைத்தால், முதலாளியின் முகவரி மாறியதைத் தவிர வேறு பயன் இல்லை. நிரந்தரப் பணியிடம் வேண்டும்.

மூன்றாம் கை அண்ணனுக்கு ஒன்று. மன்றத்து ஆள் வரமாட்டார் என்று சொல்லிவிட முடியாது. தைப்பூசத்தில் வெள்ளி ரதம் போகும் வழியெங்கும் உடைத்த தேங்காய் மலையாகக் குவிகிறது. ரதம் நகர்ந்த சற்று நேரத்தில் மன்றத்து ஆட்கள் மண்வாரியோடும் இயந்திரத்தோடும் அதை அள்ளிவிடுகிறார்கள். அது விழாக்காலம், அதிகாலை நேரம். முறைப்பணி ஒழுங்காக வகுக்கப்பட்டால் வருகிறார்கள்.

தண்ணீர்மலை வாசி எழுதியது:

பதில்களுக்கு நன்றி. கணக்குப்பிள்ளையின் மறுப்பில் இயந்திரம் பற்றிய பகுதியை நான் முழுதாக ஏற்கிறேன். என் கோரிக்கையில் அந்த இயந்திரங்கள் தொடக்கம் முதலே இல்லை. மேற்பரப்பைச் சுரண்டிப் புதுத் தார் விரிப்பது பருவகால வேலை. அதைக் குத்தகைக்கே விடலாம். நான் மன்றத்தின் கைக்கு வர வேண்டும் என்று சொல்வது அன்றாட வேலைகளை: கால்வாய், சாலையோரம், மதகு, சிறு பள்ளம், விரிசல் அடைப்பு, இவற்றைப் பார்வையிடும் சுற்று. இவற்றுக்கு வேண்டியது ஒரு சிறு லாரி, இடிக்கும் இயந்திரம், தார் வெட்டும் ரம்பம், மண்வெட்டி, நடக்கத் தயங்காத கால்கள். இது எந்த மன்றத்தையும் கடனாளியாக்காது.

இந்த வேலைகள் எல்லாவற்றையும் ஒரே குழுவிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அதை விட்டுவிட்டு, பள்ளம் அடைப்பதை மட்டும் மன்றம் எடுத்து, கால்வாயைக் குத்தகையில் விட்டால், இன்றைய துண்டாடலே வேறு வடிவில் தொடரும். ஆயர் ஈத்தாம் பக்கம் போல மலைநீர் இறங்கும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள குத்தகைகள் முடிவுக்கு வரும் நாளைப் பொருத்தி, ஒரே குழுவிடம் சில ஆண்டுகள் விட்டுப் பார்க்கலாம். 2017 நவம்பர் புயல்மழையில் இந்தத் தீவு பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு, மலையடிவாரக் கால்வாய் ஏன் முதலில் வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

பிறை மங்கை அவர்கள் நிரந்தரப் பணியிடம் என்றார். அதில் ஒரு நெருடல் இருக்கிறது. அரசுப் பணியில் 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதிய முறை இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. ஆகவே கணக்குப்பிள்ளை அஞ்சும் செலவில் ஓய்வூதியச் சுமை முன்போல் இருக்காது. அது மன்றத்தின் கணக்குக்கு நல்ல செய்தி, வேலைக்கு வருபவருக்கு அவ்வளவு நல்ல செய்தியன்று.

கணக்குப்பிள்ளை (கோலாலம்பூர்) எழுதியது:

கோரிக்கையின் எல்லை இப்போது தெளிவாகிறது. அந்த எல்லைக்குள் என் எதிர்ப்பு குறைகிறது. ஆனால் சோதனை ஓட்டம் வென்றதா தோற்றதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? பொதுப்பணி அமைச்சின் மைஜாலான் செயலி 2023இல் வந்தது. அதில் புகார் எத்தனை, எத்தனை மணி நேரத்தில் முடித்து வைக்கப்பட்டது என்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். மூன்றாம் கை எழுதியதைப் படித்தபின் அந்த அளவுகோலே பழுது என்று தோன்றுகிறது. ஒரே பள்ளத்தை நான்கு முறை விரைந்து அடைத்தவருக்கு நான்கு நற்புள்ளி கிடைக்கிறது. கால்வாயைத் திறந்து பள்ளமே விழாமல் பார்த்துக்கொண்டவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

ஆகவே நான் கேட்பது இது. அடைத்த ஒவ்வொரு பள்ளத்தையும் வரைபடத்தில் குறித்து, அதே இடத்துக்கு ஓராண்டுக்குள் மீண்டும் போக நேர்ந்ததா என்பதை எண்ண வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஆன செலவோடு நிறுத்தாமல், ஒரு கிலோமீட்டர் சாலையை ஓராண்டு நல்ல நிலையில் வைத்திருக்க ஆன மொத்தச் செலவை எடுக்க வேண்டும். அதில் புல், கால்வாய், பள்ளம், மேற்பார்வை எல்லாம் அடங்க வேண்டும். குத்தகையில் விட்ட பக்கத்துப் பகுதிக்கும் அதே கணக்கை, மேற்பார்வையாளரின் சம்பளத்தையும் டெண்டர் நடத்தும் செலவையும் சேர்த்தே, போட வேண்டும். குத்தகை மலிவு என்று காட்டும் கணக்குகளில் இந்த இரண்டும் பெரும்பாலும் காணாமல் போய்விடும். நானே அப்படிப்பட்ட தாள்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

பழைய ஓவர்சியர் எழுதியது:

ஒரு முக்கியமான ஆளை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்: குழாய்க்காரர், மின்கம்பிக்காரர், தொலைத்தொடர்புக்காரர். புதிதாகத் தார் போட்ட சாலையை அடுத்த மாதமே வெட்டுகிறார்கள். வெட்டிய பள்ளத்தை மண்போட்டு மூடும்போது அடுக்கடுக்காக இடிக்க வேண்டும். ஒரே தடவையில் கொட்டி மேலே தார் பூசினால், சில மழைக்குப் பிறகு அந்த நீளம் முழுவதும் தாழ்ந்து, சாலைக்குக் குறுக்கே ஒரு பள்ளக்கோடு விழும். உங்கள் வண்டி "தடக்" என்று குதிக்கும் இடங்களில் பெரும்பகுதி இப்படி வந்தவைதாம். இதற்கு அனுமதி கொடுப்பது மன்றம், முன்பணம் வாங்குவதும் மன்றம். ஆனால் மூடும் நேரத்தில் பக்கத்தில் நின்று பார்க்க மன்றத்தில் ஆள் இல்லையென்றால் முன்பணத்தை எதைக் காரணம் காட்டிப் பிடித்து வைப்பது? வட்டாரக் குழு வந்தால் அதன் தலைவருக்கு இந்த அதிகாரத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும்: மூடும்போது அவர் பார்க்காத வெட்டுக்கு முன்பணம் திரும்பாது என்று.

2020 டிசம்பரில் அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் பந்திங் பக்கம் மிதிவண்டியில் போய்ப் பள்ளத்தில் விழுந்தார். அதன்பின் சில வாரம் நாடெங்கும் பள்ளங்கள் சுறுசுறுப்பாக அடைபட்டன. அமைச்சர்கள் எல்லாரும் மிதிவண்டி ஓட்ட வேண்டும் என்று அன்று நண்பர்களிடம் சொன்னேன்.

இன்னொன்று. குழுவின் தலைவராகப் பட்டயம் படித்த இளைஞரை எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் இந்த வேலையைக் கையால் செய்த ஒருவர் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இன்று மன்றத்தில் இல்லை, குத்தகையாளரின் லாரியில்தான் இருக்கிறார்கள்.

மூன்றாம் கை எழுதியது:

பெரியவர் என்னைத்தான் சொல்கிறார் போலும். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ் இல்லை. மன்றத்தின் விளம்பரத்தில் அதைத்தான் முதல் தகுதியாகக் கேட்பார்கள். என்னோடு இருக்கும் நான்கு பேரில் இருவருக்கு வாகன உரிமம் மட்டும்தான் எழுத்தில் இருக்கும் தகுதி. நீங்கள் வேலையைத் திரும்ப எடுக்கும் நாளில் எங்களுக்கு என்ன வழி? எங்கள் வேலையைத்தானே எடுக்கிறீர்கள்.

பிறை மங்கை எழுதியது:

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அரசுப் பணியில் கட்டாய ஓய்வு வயது 60. ஆகவே வயது மட்டும் தடையாக இருக்கத் தேவையில்லை. அடிமட்டப் பணிகளில் எஸ்.பி.எம். கேட்காத நிலைகளும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்வதுபோல் விளம்பரம் எழுதுகிறவர் அதை நினைவில் வைத்தால்தான் நடக்கும். மன்றத்துக்கு மனு எழுதும்போது இதை ஒரு தனிக் கோரிக்கையாகவே சேர்க்கலாம்: திரும்ப எடுக்கும் வட்டாரத்தில் ஏற்கெனவே வேலை செய்தவர்களுக்கு முன்னுரிமை, எழுத்துத் தேர்வுக்குப் பதில் களத்தில் செய்முறைத் தேர்வு, முந்தைய ஆண்டுகளைச் சம்பளப் படிநிலையில் கணக்கில் எடுப்பது.

தண்ணீர்மலை வாசி எழுதியது:

சேர்க்கிறேன். மனுவின் வரைவை இன்றிரவு எழுதத் தொடங்குகிறேன். கணக்குப்பிள்ளை சொன்ன மறுபடி அடைத்த பள்ளங்களின் கணக்கு, ஓவர்சியர் ஐயா சொன்ன முன்பண விதி, மங்கை அவர்களின் முன்னுரிமை ஆகிய மூன்றும் அதில் வரும். மூன்றாம் கை அண்ணன் ஒரு உதவி செய்ய வேண்டும்: மழை நாளில் ஒரு பள்ளத்தை ஒழுங்காக அடைக்க எத்தனை ஆள், எவ்வளவு நேரம், என்னென்ன சாமான் என்று விலை போடாமல் எழுதி அனுப்பினால் போதும். அதை மனுவோடு இணைக்கிறேன். உங்கள் பெயர் வராது.

மூன்றாம் கை எழுதியது:

அனுப்புகிறேன். ஆனால் மழை நாளில் பள்ளத்தை ஒழுங்காக அடைக்கவே முடியாது என்று முதல் வரியில் எழுதுங்கள். தண்ணீர் வழிய வழிவிட்டு, எச்சரிக்கைக் கூம்பு வைத்து, மழை விட்டபின் வர வேண்டும். அப்படி வருவதற்கு எனக்கு யாரும் பணம் கொடுத்ததில்லை.